ஒன்பது மெத்தைகளும் ஒரு தம்ளர் தண்ணீரும்

எங்கள் தெருவில் என் அக்கா கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "படுத்துப்பாரு" என்றுதான் சொல்வார்கள். மெத்தைக் கடை வைத்திருப்பவர். கடைக்குள் யார் கால் வைத்தாலும், வாங்க என்பதற்கு முன்னால் "படுத்துப் பாருங்க" என்று வாய் சொல்லிவிடும். தபால் கொடுக்க வந்தவர் படுத்திருக்கிறார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் படுத்து, குறட்டையும் விட்டு, மீட்டரைப் பார்க்காமலே திரும்பிப் போயிருக்கிறார்.

எனக்கு அவர் மாமா. அவருக்கு நான் மாப்ளே. கடையில் என் வேலை தூக்குவது. ஆள் நான் கொஞ்சம் பெரிய உருவம். வண்டியில் ஏற்றுவேன், இறக்குவேன், மெத்தை வளையாத மாடிப்படியில் நான் வளைந்து ஏற்றுவேன். மாமா தூக்குவது ஒரே ஒரு விரல். அதை நீட்டி, "இந்தப் பக்கம் மாப்ளே, இந்தப் பக்கம்" என்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதுகு விஷயத்தில் மாமா புலி. வாங்க வந்தவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார். "வலி மேலயா கீழயா? குனிஞ்சா பிடிக்குதா? ஒருக்களிச்சுப் படுத்தா விடுதா?" கேட்டுவிட்டுத்தான் மெத்தையைக் காட்டுவார். கடையில் படுத்துப் பார்ப்பதற்கென்று ஒன்பது மெத்தைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்த பெயர் உண்டு. கல் மாதிரி இருப்பது மாமியார். உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்திருக்க விடாதது மருமகன். ஒரு பக்கம் ஆடினால் மறுபக்கம் கண்டுகொள்ளாத ஸ்பிரிங் மெத்தை பங்காளி. மற்ற ஆறும் இப்படித்தான், எல்லாம் சொந்தபந்தம்.

சிலர் வாங்கவே வரமாட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்கி, ஒன்பதிலும் புரண்டு, "எதுலயும் வலி குறையலீங்க" என்று நழுவப் பார்ப்பார்கள். அவர்களுக்கென்று மாமா ஒரு வசனம் வைத்திருந்தார். கையைக் கூப்பி, குரலை இழுத்து, நாடக ராஜா மாதிரி சொல்வார்: "ஒன்பது மெத்தையிலயும் ஒரே வலியா? அப்ப உங்களுக்கு வேணும்கிறது மெத்தை இல்ல, டாக்டர்!" கடையே சிரிக்கும். வந்தவர் அசடு வழிந்துகொண்டு செருப்பைத் தேடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் முதுகு வலி வந்தது. அந்த வலிக்குப் பின்னால் அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் மூன்று வாரம் நாங்கள் மெத்தை மாற்றிக்கொண்டிருந்தோம்.

முதலில் அதைச் சொல்லவே அவருக்கு வெட்கம். அக்காதான் கண்டுபிடித்தாள். காலையில் பல் துலக்கும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாராம். "என்னங்க, முதுகா?" என்று கேட்டதற்கு, "சேச்சே, எனக்கா?" என்றாராம். அக்கா அன்றைக்கே தைலம், வெந்நீர்ப் பை, இடுப்பில் கட்டும் பட்டை எல்லாம் வாங்கி வந்துவிட்டாள். தைல வாசனையில் கடைக்குள் நுழைந்தவர்கள் தும்மினார்கள். வலி அசைந்து கொடுக்கவில்லை.

பழி யார் மேல் விழும்? என் மேல்தான்.

"போன வாரம் மாமியாரை இறக்கும்போது உனக்குக் கை கொடுத்தேன்ல, அப்ப பிடிச்சது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "கை கொடுத்தீங்களா? விரல் கொடுத்தீங்க! அதுவும் அஞ்சு அடி தள்ளி நின்னு! விரல் நீட்டினா முதுகு பிடிக்குமா?"

"உனக்கென்னடா தெரியும் முதுகைப் பத்தி" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. வீட்டில் இருக்கும் மெத்தை பழசு, அதுதான் காரணம் என்று தீர்ப்பு சொன்னார். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. திங்கட்கிழமை, குடோனில் இருந்த இன்னொரு மாமியாரை ஏற்றினேன். புதன்கிழமை அதை இறக்கிவிட்டு மருமகனை ஏற்றினேன். வெள்ளிக்கிழமை பங்காளி. ஞாயிற்றுக்கிழமை "மறுபடி மாமியாரையே கொண்டா மாப்ளே, அவசரப்பட்டுட்டேன்" என்றார். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "உங்க அக்கா வீட்ல யாரு தம்பி இவ்வளவு பேர் வந்து வந்து தங்குறாங்க?" என்று விசாரித்தார். அந்த மனிதர் படுத்துப் படுத்தே எங்களைப் படுத்தினார். என் முதுகைப் பற்றி ஒருவராவது கேட்டிருக்க வேண்டுமே!

ஒரு நாள் மத்தியானம் வியாபாரம் ஓய்ந்திருந்தது. கடையில் யாரும் இல்லை. மாமா முதல் மெத்தையில் படுத்தார். மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற. எழுந்தார். இரண்டாவதில் படுத்தார். அப்படியே ஒன்பதும். கடைசி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி வலிக்குது மாப்ளே. நடு முதுகுல, உள்ளே, ஆழமா. திரும்பினாலும் அதே, குனிஞ்சாலும் அதே, சும்மா கிடந்தாலும் அதே. மாமியாருக்கும் மருமகனுக்கும் வித்தியாசம் தெரியலடா எனக்கு. என் முதுகு பொய் சொல்லுது. தொழில் போச்சு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அறுபத்து நான்கு வயது. சிகரெட்டை விட்டு ஆறு வருஷம். அதற்கு முன்னால் முப்பது வருஷம் கடை வாசலில் புகைபோக்கி மாதிரி நின்றவர். அக்கா சண்டை போட்டு நிறுத்தினாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? "வயசாச்சுல்ல மாமா, தொழில் எங்கயும் போகாது" என்று சமாதானம் சொல்லி டீ வாங்கி வந்தேன். டாக்டரிடம் கூட்டிப் போகாமல் டீ வாங்கி வந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே நான் இரண்டு அறை வைக்கத் தோன்றுகிறது.

மறுநாள் காலை ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா பஸ் ஓட்டுபவர். காக்கிச் சட்டையோடு, ஓங்குதாங்காக இருந்தார். கணவர் ஒல்லி. "நான் ராத்திரி புரண்டா இவரு எகிறி விழுறாரு. ஆடாத மெத்தை வேணும்" என்றார் அந்த அம்மா. கணவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. அவருடைய தம்ளர் வித்தையைக் காட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? வித்தை இதுதான். பங்காளி மேல் கண்ணாடித் தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைப்பார். நான் மறுபக்கம் போய்த் தொப்பென்று விழுவேன். தண்ணீர் அசையாது. வந்தவர் வாயைப் பிளப்பார்.

அன்றைக்கு வலியோ, வீம்போ, வித்தையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். "மெத்தை மேல என்ன, என் வயித்து மேலயே வெக்கிறேன், பாருங்க!" மல்லாந்து படுத்தார். தம்ளரைத் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கினார். "மாப்ளே, ரெடியா?"

நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் ஆடியது. டக், டக், டக் என்று வட்டம் வட்டமாக அலை. ஒரு சொட்டு விளிம்பு தாண்டி அவர் சட்டையில் விழுந்தது.

"அதுக்குள்ள ஏன்டா குதிக்கிறே?"

"நான் எங்க மாமா குதிச்சேன்? இங்க நிக்கிறேன்!"

"அப்ப மெத்தையை ஆட்டாதே!"

"தொடவே இல்லைங்கிறேன்!"

மாமா எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் பங்காளி மானத்தை வாங்கிவிட்டதே! உடனே மெத்தை செய்யும் கம்பெனிக்குப் போன் போட்டார். "என்னய்யா ஸ்பிரிங் போட்டு அனுப்பியிருக்கீங்க? உங்க பங்காளி துடிக்குது!"

மறுமுனையில் இருந்தவர் பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரில சார் இருக்காரு?" என்று கேட்டார். ஒல்லிக் கணவர் சிரித்துச் சிரித்து மாமியார் மேல் சரிந்தார்.

பஸ் ஓட்டும் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தம்ளரை எடுத்து வெறும் மெத்தை மேல் வைத்தார். அசையவில்லை. என்னைப் படுக்கச் சொல்லி என் தொப்பை மேல் வைத்தார். மூச்சுக்குத் தகுந்த மாதிரி மெதுவாக ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். மறுபடி மாமாவைப் படுக்க வைத்தார். டக், டக், டக்.

"அண்ணே, நான் நாள் பூரா வண்டில உக்காந்திருக்கிறவ. ஆட்டம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். இது ரோட்டு ஆட்டம் இல்ல. எஞ்சின் ஆட்டம்" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, அவரு நாடியைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தேன். மணிக்கட்டில் எப்படி அடித்ததோ அதே தாளத்தில் தண்ணீர் குதித்தது.

"எல்லாருக்கும்தான் இதயம் துடிக்குது. எனக்குக் கொஞ்சம் கீழ இறங்கி வந்து துடிக்குது, அவ்வளவுதானே" என்று மாமா கிண்டல் பண்ணினார். அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். கடை நடுவில் கணவர் வயிற்றில் தம்ளரோடு படுத்திருப்பதையும், காக்கி போட்ட ஒரு பெண் குனிந்து அதை உற்றுப் பார்ப்பதையும் கண்டு தூக்கை ணங்கென்று வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். முந்தின நாள் ஒன்பது மெத்தையிலும் படுத்ததையும் சேர்த்து உளறிவிட்டேன். அக்காவுக்கு மூன்று வாரத்துக் கோபம் ஒன்றாக வந்தது. மாமா மாதிரியே கையைக் கூப்பினாள். மாமா மாதிரியே குரலை இழுத்தாள்.

"ஒன்பது மெத்தையிலயும் ஒரே வலியா? அப்ப உங்களுக்கு வேணும்கிறது மெத்தை இல்ல, டாக்டர்!"

அச்சு அசல் மாமா! நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் அவருக்கு நின்றுவிட்டது. எத்தனையோ பேரிடம் சொன்ன வசனத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் வாங்கினார்.

"அட, ஆமால்ல" என்றார் சின்னக் குரலில்.

தெருமுனையில் ஒரு டாக்டரம்மா மாடியில் கிளினிக் வைத்திருந்தார், அங்கே கூட்டிப்போனோம். சின்ன வயது, சின்ன உருவம். மாமாவைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். "வலி குனிஞ்சா அதிகமாகுதா? படுத்தா குறையுதா? ஒருக்களிச்சா?" மாமாவுக்கு ஒரே பூரிப்பு. தன் கேள்வியை அப்படியே இன்னொருத்தர் கேட்கிறாரே! "சரியான வரிசையில கேக்கறீங்க டாக்டர்" என்று பாராட்டினார். "ஒன்பது மெத்தை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம். எதுலயும் துளி மாற்றம் இல்ல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "சமீபத்துல கனமா எதையாவது தூக்கினீங்களா? விழுந்தீங்களா?"

மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஒரு மெத்தை..." என்று இழுத்தார்.

"பொய் டாக்டர்!" நான் கத்தியே விட்டேன். "இருபது வருஷமா விரலைத் தவிர எதையும் தூக்கினதில்ல! சத்தியம்!"

என் வாழ்க்கையில் நான் கோபப்பட்டதில் உருப்படியான கோபம் அது ஒன்றுதான். டாக்டரம்மா மாமாவைப் படுக்கச் சொன்னார். வயிற்றின் இரண்டு பக்கமும் கையை மெதுவாக வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். அக்கா முப்பது வருஷக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"உங்க முதுகுல கோளாறு இல்லைன்னு நினைக்கிறேன். வயித்துக்குள்ள முதுகெலும்பை ஒட்டி ஒரு பெரிய ரத்தக்குழாய் போகுது. அது வீங்கியிருக்குற மாதிரி தெரியுது. அந்த வலிதான் முதுகுல தெரியுது. எலும்பும் சதையும் வலிச்சா, அசைஞ்சாலோ படுத்தாலோ கொஞ்சமாவது கூடும், குறையும். இது எதுக்கும் மாறல பாருங்க, அதான் எனக்குச் சந்தேகம். ஸ்கேன் பண்ணினா உறுதியா தெரியும். வெடிச்சா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். இப்ப ஒரு அடிகூட நடக்கக் கூடாது."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமா என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப என் முதுகு நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கும்."

"பார்த்தியா மாப்ளே! என் முதுகு பொய் சொல்லல! ஒன்பது மெத்தையும் பழுதில்ல! கம்பெனிக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்கணும்டா!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்கா இரண்டையும் செய்தாள்.

ஸ்டிரெச்சர் வந்தது. கிளினிக் மாடிப்படி குறுகல். நடுவில் ஒரு திருப்பம். ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேரும் திருப்பத்தில் ஸ்டிரெச்சரை மாட்டவைத்துவிட்டு முழித்தார்கள். நான் அவர்களை நகரச் சொன்னேன். மெத்தை திரும்பாத எத்தனை படிகளில் நான் திருப்பியிருக்கிறேன்! தலைப்பக்கத்தைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தூக்கி, கால்பக்கத்தை அந்த ஆட்களிடம் கொடுத்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறக்கினேன். படுத்திருந்த இடத்திலிருந்து ஒரு விரல் எழுந்தது.

"இந்தப் பக்கம் மாப்ளே, இந்தப் பக்கம்."

"வாயை மூடிட்டு வாங்க மாமா" என்றேன். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கக் கை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரி. நல்லவேளை, இன்னும் கிழியவில்லை. அன்றைக்கே உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் அக்காவும் நானும். அக்கா கையை மோந்து பார்த்தாள், தைல வாசனை இன்னும் போகவில்லை. "மூணு வாரம் தைலம் தேச்சேனேடா" என்றாள். "நான் மெத்தை தூக்கினேனே" என்றேன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். தொடை இடுக்கு வழியாக உள்ளே போய், வீங்கின இடத்தில் உள்பக்கமாக ஒரு உறை போட்டிருக்கிறோம் என்றார். மயக்கம் தெளிந்ததும் இதை மாமாவிடம் சொன்னேன். "உறையா? ஜிப் வெச்சதா?" என்று கேட்டார். அப்போதுதான் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாம் நாள் காலை. அக்கா அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாமா முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க?"

"முதுகு வலிக்குது."

சீப்பு கீழே விழுந்தது. நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். ஓடிய வேகத்தில் வாசலில் இருந்த வாளியைத் தட்டிவிட்டு, மறுபடி ஓடி, நர்ஸ் அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தபோது அக்கா கட்டிலின் தலைமாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வலிக்குது? மேலயா கீழயா?" மாமாவின் கேள்விகளை அக்கா அதே வரிசையில் கேட்டாள். "ஒருக்களிச்சுப் படுத்தா விடுதா? மெதுவா. படுத்துப் பாருங்க."

மாமா நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். அவர் சரி என்று தலையசைத்தார். மெல்ல இடப்பக்கம் திரும்பினார். கண்ணை மூடினார். கடையில் எப்படிக் கவனிப்பாரோ அப்படிக் கவனித்தார்.

"விட்டுடுச்சு" என்றார்.

"மறுபடி மல்லாந்து."

திரும்பினார். "பிடிக்குது."

"மறுபடி."

"விட்டுடுச்சு!" மாமாவுக்குக் கண் விரிந்தது. "திரும்பினா விடுது! மல்லாந்தா பிடிக்குது! மாப்ளே, மெத்தைடா! மெத்தை மட்டம்! நடுவுல குழி விழுந்து கிடக்கு. எவன்டா வாங்கிப் போட்டான் இதை?"

நான் நர்ஸ் அம்மா கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். "மாமாவுக்கு முதுகு வலிங்க! நல்ல முதுகு வலி!" அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, என்ன விசேஷம் என்று கேட்டார். நர்ஸ் அம்மா மாமாவின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே போனார்.

அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு, "தள்ளுங்க" என்றாள். மாமா பார்த்துப் பார்த்து ஓரமாக நகர்ந்தார். அந்த ஒற்றைக் கட்டிலில், அந்தக் குழி விழுந்த மெத்தையில், என் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் படுத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது, துடைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"மட்டம்தாங்க" என்றாள் அக்கா. "ரொம்ப, ரொம்ப மட்டம்."